கட்டில் காலைச் சுற்றிப் போட்ட பொடி

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவதைத் தவிர பேனாவோடு பெரிய பழக்கம் இல்லை. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றும் தடுமாற்றம்தான். வரியும் நேராக வராமல் மேலே ஏறிக்கொண்டு போகும். பேசிச் சொல்லிவிடலாம் என்றால் பேச்சும் எனக்கு அப்படித்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் வராது. நான் எழுதப் போகும் விஷயமே, வர வேண்டிய நேரத்தில் வாய் வராததால் நடந்தது.

எங்கள் ஊர் வேப்பந்தட்டைக்கு மேற்கே இருக்கிறது. வாசலில் நின்றால் பச்சைமலை தெரியும். மலை பக்கத்தில் இருக்கிறதே தவிர மழை பக்கத்தில் இல்லை. கரிசல் மண்ணில் மானாவாரியாகப் பருத்தி போடுவோம். அந்த வருடங்களில் பருத்தியில் பச்சைக் காய்ப்புழு விழுந்து ஊரையே ஆட்டி வைத்தது. பத்து நாளைக்கு ஒரு தடவை மருந்து அடித்தவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை அடித்தார்கள். பிறகு நாலு நாளைக்கு ஒன்று என்று ஆனது. ஒரு மருந்துக்குப் புழு சாகாவிட்டால் இரண்டைக் கலந்து அடித்தோம். நான் மற்றவர்களை விடக் கூடுதலாகவே அடித்தேன். பயந்தவன் எதையும் ஒரு பிடி அதிகமாகத்தான் போடுவான்.

1999 ஆனி மாதம், விதைப்புக்கு முன்னால் சும்மா இருக்கும் நாட்களில், மருந்துக் கம்பெனி ஆபீசர் ஒருவர் பைக்கில் வீட்டுக்கு வந்தார். சின்ன வயது. வெயிலில் வந்தும் டை கட்டியிருந்தார்.

"உங்கள டூருக்கு செலக்ட் பண்ணியிருக்கோம். மொத்தம் பன்னெண்டு பேரு. மலையில மழைக்காடு பாக்கறோம். தங்கறது, சாப்பாடு, வேன் எல்லாம் கம்பெனி."

"நான் எதுக்குங்க சார்?"

"என்னங்க இப்டி கேக்கறீங்க? இந்த ஏரியாவுல நீங்கதான் நம்பர் ஒன்!"

என் மனைவி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என்னை எதிலும் முதல் என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. அன்று சாயங்காலம் டீக்கடைக்குக் கொஞ்சம் நிமிர்ந்து நடந்து போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பூச்சிமருந்தை அதிகமாகத் தெளித்ததற்காகக் கிடைத்த பெருமை அது என்பது அன்றைக்கு உறைக்கவில்லை.

என் மனைவியின் அண்ணனும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர். அரும்பாவூர்க்காரர். வாய் ஓயாமல் பேசுவார். அவர் இருந்தால் எனக்கு நிம்மதி, நான் பேச வேண்டியதில்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வேன் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ள, பையில என்ன இத்தன தடிப்பு? தங்கச்சி கட்டுச்சோறு கட்டி வுட்டாளா?"

பையில் வேட்டி, துண்டு, போர்வை, பல்பொடி. அவற்றோடு ஒரு பிளாஸ்டிக் பையில் ரப்பர் போட்டுக் கட்டிய பூச்சிப்பொடி. எங்கள் பக்கத்தில் அந்த வெள்ளைப் பொடி இல்லாத வீடு கிடையாது. எறும்புக்குப் போடுவோம், கரையானுக்குப் போடுவோம், சோளம் கட்டிவைக்கும் சாக்கைச் சுற்றிப் போடுவோம். மழைநாளில் பூரான், தேள் ஏறாமல் இருக்கக் கட்டில் காலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுத்தான் படுப்போம். வெளியூர் போனாலும் ஒரு பொட்டலம் எடுத்துப்போவது எனக்குப் பழக்கம். மலையில் அட்டை இருக்கும் என்று யாரோ சொன்னதால் இந்த முறை இரண்டு பிடி கூடுதலாகக் கட்டினேன்.

பொள்ளாச்சி தாண்டி மலை ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. போய்ச் சேர்ந்த இடம் கேரளத்தை ஒட்டிய ஒரு காடு. தங்கும் இடம் என்றால் நாங்கள் நினைத்தது வேறு. அங்கே மண் சுவர் வைத்து, ஓடு வேய்ந்து, மூங்கில் கட்டில் போட்ட ஐந்தாறு குடில்கள்தான் இருந்தன. ஃபேன் இல்லை, டிவி இல்லை, சுவரில் சுவிட்சே இல்லை. ஒரு லாந்தர் விளக்கு மட்டும்.

மச்சான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "ஏன் சார், இதுக்கா விடியக்காலையில எழுப்பிக் கூட்டியாந்தீங்க? எங்க மாட்டுக் கொட்டாயில ட்யூப் லைட்டே எரியுது!"

"இதுதாங்க இப்ப வெள்ளைக்காரங்க தேடி வர்ற இடம்" என்றார் ஆபீசர். பிறகு எங்களை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. நாம என்ன கம்பெனின்னு இங்க யாருகிட்டயும் சொல்லிக்க வேணாம். விவசாயிங்கன்னு மட்டுந்தான் சொல்லியிருக்கேன். இந்த ஓனருக்கு மருந்துன்னாலே ஆகாது. மழக்காலம், ஆள் வராதுன்னுதான் நமக்கு எடம் கெடச்சுது."

எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் அந்த மலையிலேயே பிறந்தவர். முப்பது வயது இருக்கும். முழங்கால் வரை சுருட்டிவிட்ட பேன்ட், வெறுங்கால். பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஆட்களோடு பழகியதால் நன்றாகத் தமிழ் பேசினார். அவர் மனைவி அங்கேயே அறைகளைக் கூட்டித் துடைத்து, விருந்தாளிகளுக்கு டீ போடும் வேலையில் இருந்தார். நாங்கள் நனைந்து போய் இறங்கியதும் பால் விடாத இஞ்சி டீயை அவர்தான் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்.

வழிகாட்டி எங்களைக் குடில்களுக்குப் பின்னால் அழைத்துப் போனார். அங்கே கல் அடுக்கிய ஒரு சின்னக் குளம். ஓட்டிலிருந்து சொட்டும் மழைத்தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் வாய்க்கால் வழியாக அதில்தான் போய்ச் சேரும் என்று காட்டினார். குளத்தின் மேல் கவிந்திருந்த கிளைகளில், இலையோடு இலை ஒட்டியபடி, வெள்ளை நுரை உருண்டை உருண்டையாகத் தொங்கியது.

"யாரோ ஷேவிங் பண்ணிட்டு நுரைய இங்க தொடச்சிட்டுப் போயிட்டான் போலருக்கே" என்றார் மச்சான்.

வழிகாட்டி சிரித்தார். "தவளைக் கூடு அண்ணா. பச்சைத் தவளை ஒண்ணு இருக்கு. கால்ல சவ்வு இருக்கும், மரத்துக்கு மரம் பறந்து போகும். மழ புடிச்சதும் எறங்கி வந்து இந்த நுரையக் கட்டி அதுக்குள்ள முட்ட போடும். குஞ்சு பொரிஞ்சா நேரா தண்ணியில விழும். ரெண்டு நாளா விழுந்துகிட்டேதான் இருக்கு. பாருங்க."

குனிந்து பார்த்தோம். தண்ணீருக்குள் கரும்புள்ளியாக நூற்றுக்கணக்கில் வால் ஆட்டிக்கொண்டிருந்தன. இதைப் பார்க்க மட்டும் வெளிநாட்டிலிருந்து கேமராவோடு வருவார்களாம். ஒரு காலத்தில் இங்கே ஒன்றுகூட இல்லையாம். அவரும் அவர் மனைவியும் கல் அடுக்கி, வாய்க்கால் வெட்டி, நாலு வருடம் காத்திருந்த பிறகுதான் தவளைகள் வர ஆரம்பித்தனவாம். அதைச் சொல்லும்போது, நட்ட தென்னை பாளை விட்டதைச் சொல்வது போல அவர் முகம் இருந்தது.

"இங்க ரெண்டே விஷயந்தான் அண்ணா. காட்டுலேர்ந்து ஒண்ணும் எடுக்கக் கூடாது. நாம கொண்டாந்தது ஒண்ணும் காட்டுல போடக் கூடாது. சோப்பு, ஷாம்பு, கொசுவத்தி எல்லாம் பையிலயே இருக்கட்டும். குளிக்கப் பயத்தமாவு வச்சிருக்கோம்."

நானும் எல்லாரோடும் தலையாட்டினேன். பொடியின் நினைப்பே எனக்கு வரவில்லை. இது உண்மை. வயலில் அடிப்பதுதான் எங்களுக்கு மருந்து. பொடி உப்பு புளி மாதிரி ஒரு வீட்டுச் சாமான்.

மத்தியானம் காட்டுக்குள் போனோம். முழங்கால் வரை வரும் துணி உறையைக் காலில் கட்டச் சொன்னார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதை மாட்டினேன். உள்ளே வெயிலும் இல்லை, வானமும் இல்லை. மேலே ஒரு கூரை போல இலை. மழை நின்ற பிறகும் அந்தக் கூரை சொட்டிக்கொண்டே இருந்தது. மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். கறுப்பாக, பிசுபிசுவென்று, கம்பங்கூழ் மாதிரி இருந்தது. அப்படி ஒரு மண் எங்களுக்குக் கால் ஏக்கர் கிடைத்தால் போதும் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

"இத்தன மரத்துக்கும் யாருங்க மருந்து அடிக்கறது? ஒரு எலயிலயும் பூச்சி கடிச்சு மொட்டையாவலையே?" மச்சான் கேட்டார்.

"பூச்சி இருக்கு அண்ணா. அதத் தின்னத் தவள இருக்கு. தவளயத் தின்னப் பாம்பு இருக்கு. அந்த வேலய அதுங்களே பாத்துக்கும்."

ஆபீசர் அவசரமாகக் குறுக்கே வந்தார். "அது காட்டுக்குச் சரிங்க. பருத்திக்கு ஆவாது."

திரும்பும் வழியில்தான் எனக்கு அந்த அவமானம் நடந்தது. தொடையில் ஏதோ வழுவழுவென்று பட்டது. வேட்டியைத் தூக்கிப் பார்த்தால், உறைக்கு மேலே மூன்று அட்டைகள், ரத்தம் குடித்துத் திராட்சை மாதிரி உப்பியிருந்தன. நான் கத்திய கத்தலில் ஏதோ ஒரு பறவை எழும்பிப் பறந்தது. பதற்றத்தில் வேட்டி அவிழ்ந்து சேற்றில் விழுந்துவிட்டது. பதினொரு பேரும் ஆபீசரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"டேய், நம்பர் ஒன்னு வேட்டிய அவுத்துட்டு நிக்கறாரு பாரு!"

வழிகாட்டி மட்டும் சிரிக்கவில்லை. கையில் வைத்திருந்த குச்சியின் முனையில் புகையிலையும் சுண்ணாம்பும் கட்டிய துணி இருந்தது. அதை ஒவ்வொரு அட்டை மேலும் தொட்டு விழவைத்து, வேட்டியை எடுத்து உதறி என்னிடம் கொடுத்தார். "ஒண்ணும் ஆவாது அண்ணா. ரெண்டு சொட்டு ரத்தம், அவ்ளோதான்."

அறைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பொடியை எடுத்தேன். சாயங்காலம், இன்னும் வெளிச்சம் இருந்தது. என் கட்டிலின் நாலு காலையும் சுற்றி வட்டம் போட்டேன். மச்சான் படுத்தபடியே, "எங் கட்டிலுக்கும் ஒரு சுத்து சுத்து மாப்ள, அந்த எழவு மூக்குல கீக்குல பூந்துரப் போவுது" என்றார். அவருக்கும் போட்டேன். மிச்சம் நிறைய இருந்தது. அட்டை வெளியிலிருந்துதானே வரும் என்று யோசித்து, பின்பக்கக் கதவைத் திறந்து, சுவர் ஓரமாகவும் குளிக்கும் இடத்தின் வாசலிலும் வரிசையாகத் தூவினேன். வீட்டில் மழைக்கு முன்னால் சுவர் ஓரம் போடுவோமே, அதே மாதிரி கெட்டியாக, இடைவெளி விடாமல். அந்தச் சுவர் ஓரத்தில்தான் வாய்க்கால் ஓடியது. வந்து இறங்கியதும் எங்களுக்குக் காட்டிய அதே வாய்க்கால். என் கண்ணில் அது படவில்லை. என் தொடையில் ஒட்டியிருந்த அட்டைதான் இன்னும் கண்ணுக்குள் இருந்தது.

பிறகு பெரிய மழை பெய்தது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்து டீ குடிக்க வெளியே வந்தபோது வழிகாட்டி குளத்தருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி டீத் தட்டைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். போய்ப் பார்த்தேன். தண்ணீர் முழுக்க அந்தக் கரும்புள்ளிகள் அசையாமல் மிதந்தன. ஓரத்தில் சின்ன மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக் கிடந்தன. பெரிய தவளை ஒன்று, பச்சை நிறம், சவ்வுக் காலை விரித்தபடி கல்லில் ஒட்டிக் கிடந்தது. மேலே நுரைக் கூட்டிலிருந்து அப்போதும் குஞ்சுகள் ஒவ்வொன்றாக அந்தத் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தன.

எனக்குப் புரிந்துவிட்டது. வயலில் மருந்து அடித்த மறுநாள் வரப்போரம் கிடப்பதைப் பார்த்தவன்தானே. பின்னால் வந்து நின்ற மச்சான் என் காலை அவர் காலால் மிதித்தார். "வாயத் தொறக்காத" என்றார், உதடு அசையாமல்.

ஓனர் குடையோடு வந்தார். வயதானவர். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். நேராக அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"மறுபடியும் ப்ளீச்சிங் பவுடர் போட்டியா?"

"இல்ல சார். நான் போடல."

"போன வருஷம் போட்டது யாரு?"

"அது படியில பாசி புடிச்சு, விருந்தாளி வழுக்கி வுழுந்துட்டாங்கன்னு போட்டேன் சார். நீங்க வேணாம்னு சொன்ன பின்னாடி தொட்டதே இல்ல. எம் புள்ள மேல சத்தியம்."

"இங்க இத்தன வருஷத்துல அந்தப் பவுடரைக் கொண்டாந்தது நீ ஒருத்திதான்."

அவர் ஆபீசரிடம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ கேட்டார். ஆபீசர் வேகமாகத் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, கேட்க வேண்டுமே என்பதற்காகக் கேட்டார். "யாராவது எதையாவது கொட்டினீங்களாங்க? இல்லதானே?" பதிலுக்குக்கூட நிற்கவில்லை. பன்னிரண்டு பேரும் பேசாமல் நின்றோம். பத்துப் பேருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு பேருக்குத் தெரியும்.

நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். சுவர் ஓரத்தில் போட்டது மழையோடு போயிருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்தது அப்படியே வட்டம் வட்டமாக இருந்தது. துண்டை எடுத்து அதைத் துடைக்கக் குனிந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. வழிகாட்டி. நான் கதவை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. எல்லா ரூமுலயும் கேக்கறேன். குளிக்கறப்ப சோப்பு கீப்பு போட்டீங்களா? இல்ல, வேற எதாவது?"

"இல்லீங்களே."

"ஒண்ணுமே போடலியா?"

"நான் ஒண்ணும் போடலீங்க."

அவர் கொஞ்சம் எட்டிப் பார்த்திருந்தால் கட்டில் தெரிந்திருக்கும். அவர் என் முகத்தைத்தான் பார்த்தார். "சரி அண்ணா. நீங்க வெவசாயம் பண்றவங்க, தெரியாமலா செய்வீங்க? சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

ஏன் சொல்லவில்லை என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கம்பெனிக்குப் பயந்தேன் என்று சொல்லலாம், மச்சான் காலை மிதித்தார் என்று சொல்லலாம். அது இல்லை. முந்தின நாள் வேட்டி அவிழ்ந்து நின்றதற்குச் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பு இன்னொரு தடவை வரும் என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். இதை விடப் பெரிய காரணம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைக்கு அருவிக்கு நடப்பதாக ஏற்பாடு. நடக்காது என்று நினைத்தேன், ஆனால் வழிகாட்டி வந்தார். வழக்கம் போல முன்னால் நடந்து, மரங்களின் பெயரைச் சொன்னார். மலை இருவாச்சிப் பறவை ஒன்று கத்தியபோது நின்று காட்டினார். குரல் மட்டும் இறங்கியிருந்தது. நான் கடைசி ஆளாக நடந்தேன். ஓர் ஓடையைத் தாண்டும் இடத்தில் எல்லாரும் போன பிறகு, நான் தயங்கி நிற்பதைப் பார்த்து, அவர் தண்ணீருக்குள் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பொடி எடுத்த அதே கை.

ஓடைக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. அவராகவே சொன்னார்.

"அவள இன்னிக்கே போகச் சொல்லிட்டாரு அண்ணா. அவ அம்மா வூடு கீழ எஸ்டேட் லைன்ல இருக்கு. அங்க ஒத்த ரூமுல ஏற்கெனவே ஏழு பேரு. புள்ள பள்ளிக்கூடம் இங்க. என்ன பண்றதுன்னு தெரியல. வேலய விட்டுப் போறதக் கூடத் தாங்கிக்குவா. நாலு வருஷம் பாத்த குளத்த நீதான் கெடுத்தன்னு சொல்லிட்டாருல்ல, அதத்தான் சொல்லிச் சொல்லி அழுவறா."

நான் வாயைத் திறந்தேன். 'நான்தான்' என்பது தொண்டை வரை வந்தது. வெளியே வந்தது இதுதான்:

"இன்னும் எவ்ளோ தூரம் இருக்குங்க?"

"பக்கந்தான் அண்ணா. கால் வலிக்குதா? மெதுவா வாங்க" என்றார்.

அருவியை நான் பார்த்தேனா என்றே நினைவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினோம். வேன் ஒரு மைல் இறங்கியிருக்கும். மழையில் அந்தப் பெண் சாலை ஓரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். தலை மேல் உரச்சாக்கு மடித்த கொங்காணி, கையில் ஒரு தகரப் பெட்டி. டிரைவர் வேகத்தைக் குறைத்து, "ஏத்திக்கலாமா சார்?" என்று கேட்டார். "வேணாம் வேணாம், போங்க" என்றார் ஆபீசர். வேனுக்கு வழி விட்டு அந்தப் பெண் ஓரமாக ஒதுங்கி நின்றார். எங்களை அடையாளம் தெரிந்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, விருந்தாளிகளுக்குச் செய்வது போலக் கும்பிட்டார். ஜன்னல் ஓரத்தில் இருந்தது நான். தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த வருடமும் பருத்தி போட்டேன், மருந்தும் அடித்தேன். ஒரே நாளில் திருந்திவிட்டதாக எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். மச்சான் அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் அட்டைக் கதையைச் சொல்லாமல் இருந்ததில்லை. நான் கத்தியது, வேட்டி விழுந்தது எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவார். குளத்தைப் பற்றி மட்டும் சொல்ல மாட்டார். எல்லாரும் சிரிப்பார்கள். எதற்குப் பயந்து வாயை மூடினேனோ அந்தச் சிரிப்பு எப்படியும் என் பின்னாலேயே வந்தது. அதில் நான் செத்துப்போகவும் இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போய்விட்டு அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். யாரோ முதுகில் தட்டினார்கள். அந்த ஆபீசர். உடம்பு போட்டிருந்தார். இப்போது விதைக் கம்பெனியில் இருக்கிறாராம்.

"அடேங்கப்பா, நம்பர் ஒன்னு! எப்டிங்க இருக்கீங்க? வாங்க, டீ சாப்புடுவோம்."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் விதையைப் பற்றியே பேசினார். நடுவில் மூச்சு விட்ட இடத்தில் கேட்டேன்.

"சார், அந்த மழைக்காட்டுல ரூம் கூட்டினாங்களே ஒரு அம்மா…"

"எந்த அம்மா? ஓ, அந்தக் கொளத்துக் கேஸா! மறு வருஷம் வேற செட்ட கூட்டிட்டுப் போனேங்க. அந்தம்மா இல்ல. அந்த கைடும் பொண்டாட்டி பின்னாடியே போயிட்டாராம். புதுசா ஒரு ஆளு வந்தாரு, அவருக்கு ஒரு மரம் பேரு தெரியல. அந்தக் கொளத்தயும் மூடிட்டாங்க."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். ஆறு வருடம் கழித்து, ஒரு வழியாக, வாய் வந்தது.

"சார், அது நான்தான். அட்டைக்குப் பயந்துகிட்டு செவுத்தோரமா பூச்சிப்பொடி போட்டேன். அந்தம்மா ஒண்ணும் பண்ணல."

அவர் பெஞ்சு ஆடுகிற மாதிரி சிரித்தார்.

"ஆள் சைலன்ட்டா இருந்துகிட்டு செஞ்ச வேலயப் பாருங்க! அன்னிக்கு மட்டும் சொல்லியிருந்தீங்கன்னா கம்பெனி மானம் கப்பலேறியிருக்கும். எம் வேலயும் போயிருக்கும். நல்லவேள, வாயத் தொறக்காம இருந்தீங்க. நல்ல மனுஷங்க நீங்க!"

தோளில் தட்டினார். இன்னொரு டீ சொல்லவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என் வாழ்க்கையில் இரண்டாவது முறையாக அவர் என்னைப் பாராட்டினார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தம்மா பேரு என்னாங்க?"

தெரியவில்லை. இரண்டு நாள் அவர் கையால் டீ வாங்கிக் குடித்தவன் நான். கேட்கவில்லை.

"பேரு தெரியாட்டி என்னா? அந்த ஓனருக்கு ஒரு லெட்டர் போடுங்க. அவரு மனசுலயாச்சும் அந்தம்மா மேல இருக்கற பழி போவட்டும். உசுரோட இருக்கறப்பவே போடுங்க."

போடுகிறேன் என்றேன். போடாமல் இரண்டு வருடம் தள்ளினேன். விதைப்பு என்று சொன்னேன், களையெடுப்பு என்று சொன்னேன். எழுதத் தெரியாது என்று சொன்னேன். அதற்கு அவள், "தெரிஞ்ச மட்டும் எழுதுங்க" என்றாள்.

நேற்று எழுதினேன். டூரில் கொடுத்த பழைய நோட்டீசில் இருந்த விலாசத்துக்கு, இன்லேண்ட் லெட்டரில் ஓனருக்கு மூன்று வரிதான் வந்தது. 1999 ஆனியில் வந்த விவசாயிகளில் நான் ஒருவன் என்றும், குளத்தில் கலந்தது நான் சுவர் ஓரம் தூவிய பூச்சிப்பொடி என்றும், உங்களிடம் வேலை பார்த்த அந்த அம்மா அதைத் தொடவில்லை என்றும். அவர்கள் இருக்கும் இடம் தெரிந்தால் இந்தக் கடிதத்தை அவர்களிடம் காட்டும்படி கேட்டுக்கொண்டு, கீழே என் முழு விலாசத்தையும் போட்டேன். இன்று காலை வேப்பந்தட்டை தபால் ஆபீசுக்கு நானே போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். இடம் இன்னும் இருக்கிறதா, ஓனர் இருக்கிறாரா, எதுவும் தெரியாது. போய்ச் சேராமல் திரும்பி வரலாம். வந்தால் அந்த எஸ்டேட் லைனைத் தேடிக்கொண்டு நேரில் போக வேண்டும். போவேனா என்று இன்றைக்கு என்னால் சத்தியம் பண்ண முடியாது. மூன்று வரியில் அடங்காத மிச்சத்தை இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

12-8-2007, ஞாயிறு எழுத ஆரம்பித்தேன். 14-8-2007, செவ்வாய் முடித்தேன்.